கிராஸ்தானே, ஒண்ணும் ஆகாது

‘கிராஸ்தானே, இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.’ கலப்பின நாய்க்கு நோய் நொடி வராது என்று அர்த்தம். குட்டியை விற்பவர் இதைச் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் சொல்வார். ஊரில் நாலைந்து நாய் வளர்த்த பெரியப்பா சொல்வார். மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சில டாக்டர்களும் சொல்வதுண்டு. எந்த நாயைப் பற்றிய பேச்சு என்று விளக்க வேண்டியதில்லை: மாடிக் கைப்பிடிக் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு, கீரைக்காரம்மா முதல் கேஸ் சிலிண்டர் வரை தெருவில் போகிற அத்தனையையும் விசாரிக்கும் அந்தச் சின்னச் சடைநாய். ‘பாம்’ என்று சொல்லி விற்றிருப்பார்கள். உண்மையான பொமரேனியன் 18 முதல் 24 சென்டிமீட்டர் உயரம்தான், மூன்று, மூன்றரை கிலோவைத் தாண்டாது. நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதன் சின்ன வகையே ஐந்து முதல் ஏழு கிலோ வரும். அந்த ஸ்பிட்ஸும் இப்போது தனியாக இல்லை. தெருநாய், டேஷண்ட், லாசா, சமீப காலமாக ஷிட்சு என்று யார் யாரோடோ கலந்து, ஆறு கிலோ சுமாருக்கு, வீட்டுக்கு ஒரு தினுசில் இருக்கிறது.

அந்தப் பேச்சை மொத்தமாகப் பொய் என்று தள்ளிவிட முடியாததுதான் தொல்லை. 2013-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவமனைப் பதிவேடுகளில் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களை எடுத்து, 24 பரம்பரைக் கோளாறுகளில் எது யாருக்கு அதிகம் என்று ஒப்பிட்டார்கள். பத்துக் கோளாறுகள் சுத்த இன நாய்களிடம் அதிகம் இருந்தன. முழங்கால் தசைநார் அறுவது மட்டும் கலப்பு நாய்களிடம் அதிகம். மீதி பதின்மூன்றில் வித்தியாசமே இல்லை. அந்தப் பதின்மூன்றில் ஒன்று, முழங்கால் சில்லு இடம் நழுவுவது. சின்ன நாய்களை நொண்ட வைப்பதில் அதற்குத்தான் முதலிடம். ஆகவே கலப்பால் கிடைக்கும் நன்மை மொத்தக் கூட்டத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது. உங்கள் மடியில் இருக்கும் ஒற்றை நாய்க்கு அதில் பங்கு வந்ததா என்று சராசரி சொல்லாது. அம்மாவிடமிருந்து மூச்சுக்குழாயும் அப்பாவிடமிருந்து முழங்காலும் எடுத்துக்கொண்டு ஒரு குட்டி பிறந்தால், இரண்டு பக்கத்துச் சங்கடமும் அதற்குத்தான். பெயரை விட்டுவிட்டு உடம்பை உறுப்பு உறுப்பாகத் தொட்டுப் பார்த்து வளர்க்க வேண்டிய நாய் இது.

ஒரே ஈற்றில் நாலு விதம்

முடியிலிருந்து தொடங்கலாம், கண்ணுக்குத் தெரிவதும் அதுதான், ஏமாறுவதும் அங்கேதான். நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். ஒன்று முடியின் நீளத்துக்கு, ஒன்று மீசை தாடிக்கு, ஒன்று சுருளுக்கு. நீள முடி ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இருவரும் கொடுத்தால்தான் வெளியே தெரியும். ஆகவே ஸ்பிட்ஸும் குட்டை முடித் தெருநாயும் சேர்ந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் வழவழவென்று குட்டை முடியோடுதான் இருக்கும். ‘பாம் குட்டின்னு ஏமாத்திட்டாங்க’ என்று சண்டை வருவது இந்தக் குட்டிகளால். அதே குட்டி வளர்ந்து மறுபடி ஒரு ஸ்பிட்ஸோடு சேரும்போது, அடுத்த ஈற்றில் ஏறத்தாழப் பாதி சடையோடு பிறக்கும். ஷிட்சுவோடு கலந்ததில் கதை வேறு. இரண்டு பக்கமும் நீள முடி, அதனால் எல்லாக் குட்டியும் நீள முடி. மீசை தாடி ஓங்கு பண்பு, ஒரு பக்கம் கொடுத்தாலே போதும், அதனால் முகத்தில் தாடியும் வந்துவிடும். ஆனால் தாடிக்குக் கீழே உடம்பில் ஸ்பிட்ஸின் அடர்ந்த அடிமுடி எவ்வளவு வந்தது என்பது குட்டிக்குக் குட்டி மாறும்.

டேஷண்ட் கலந்ததென்றால் கால் குட்டையாக இருக்கும். அது அழகுச் சமாசாரம் மட்டுமில்லை, முதுகெலும்புத் தட்டு சீக்கிரம் கெட்டிப்படும் கூறும் அதோடு சேர்ந்தே வரக்கூடும். அப்படிப்பட்ட நாயை சோபாவிலிருந்து குதிக்கவும் மாடிப்படி இறங்கவும் விடக்கூடாது. ஒருநாள் பின்னங்காலை இழுத்து நடந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். லாசா, ஷிட்சு பக்கத்துச் சப்பை மூக்கு வந்திருந்தால் கண் குழி ஆழமில்லாமல் இருக்கும். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினால் கண்விழி வெளியே பிதுங்கிவிடும் அபாயம் உண்டு. அப்படி ஆகிவிட்டால் உள்ளே தள்ள முயலாமல், சலைனில் நனைத்த துணியை மேலே வைத்து ஈரம் காயாமல் கொண்டுபோவதுதான் வழி. மூக்கு நீண்ட ஸ்பிட்ஸ் முகத்துக் குட்டிக்கு, அதே ஈற்றில் பிறந்திருந்தாலும், இந்தக் கவலை இல்லை.

சித்திரை மொட்டை

இந்த நாய்களின் வாழ்க்கையில் நாம் எடுக்கும் முடிவுகளில் திரும்பப் பெற முடியாத ஒன்று, பங்குனி சித்திரையில் மெஷின் வைத்து மொட்டையடிப்பது. வீட்டார் அதைப் பாசத்தால்தான் செய்கிறார்கள். ‘நமக்கே தாங்கல, அதுக்கு இத்தனை முடியோட எப்படி இருக்கும்?’ முடி வெட்டுபவருக்கும் அது வசதி. சிக்குப் பிடித்த ஒரு நாயை முழுக்கச் சீவி எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். மெஷினில் பத்தாம் நம்பர் பிளேடு மாட்டினால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பிளேடு தோலோடு விட்டுவைப்பது ஒன்றரை மில்லிமீட்டர்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்து ஆறும் ஏற்பாடு கிடையாது. பாதத்தின் அடிப்பகுதியில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் விசிறி. முதுகு முடியை எடுத்துவிட்டால் அந்த விசிறி வேகமாகச் சுற்றப்போவதில்லை. வெள்ளை முடிக்குக் கீழே இருக்கும் இளஞ்சிவப்புத் தோலுக்கு வெயிலை மறைக்க இருந்த ஒரே கூரையும் போய்விடும். நாய் வெப்பத்தை இறக்குவது முடி குறைந்த அடிவயிற்றின் வழியாக. மொசைக் தரையில் தவளை மாதிரி பின்னங்காலை நீட்டிக் கவிழ்ந்து படுப்பதன் காரணம் அதுதான். அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் மட்டும் முடியைக் குறைத்துவிட்டால் போதும்.

வெயில் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய சிக்கல் மயிர்க்காலில் இருக்கிறது. பூடில், ஷிட்சு போன்றவற்றின் முடி நம் தலைமுடிபோல் நீண்ட காலம் வளர்ந்துகொண்டே இருப்பது. வெட்டினால் மறுபடி வளரும். ஸ்பிட்ஸ் வகையில் பெரும்பாலான மயிர்க்கால்கள் எந்த நேரத்திலும் ஓய்வில் இருக்கின்றன. முடி ஒரு நீளத்துக்கு வந்ததும் வளர்ச்சி நின்று, அடுத்த உதிர்வு வரை அப்படியே நிற்கும். அந்த ஓய்வுக் காலத்தில் வழித்துவிட்டால், மயிர்க்காலுக்கு முடி போன சேதி தெரியாது. ஆறு மாதம், ஒரு வருடம், சில நாய்களுக்கு அதற்கும் மேலே, முதுகு வெறுமையாகக் கிடக்கும். வளரும்போதும் முதலில் பஞ்சு மாதிரியான அடிமுடி திட்டுத்திட்டாக வரும். நீளமான மேல்முடி பின்னால் வரும், அல்லது வராமலே போகும்.

அடுத்து நடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். முதுகில் முடி வரவில்லை, தோல் கறுக்கிறது. சொறி என்று முடிவு கட்டி வேப்பெண்ணெய், மஞ்சள், கந்தகம், யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய்கூட. நாய் எல்லாவற்றையும் நக்கித் தொலைக்கும். பொமரேனியன் வகையில் முடி நின்றுபோய்த் தோல் கறுக்கும் ‘அலோபேசியா எக்ஸ்’ என்ற நிலை இருக்கிறது. உடம்பின் இரு பக்கமும் ஒரே அளவில் கொட்டும், தலையிலும் முன்னங்காலிலும் முடி நிற்கும், அரிப்பு இருக்காது. மொட்டையடிக்காத நாய்க்கும் இது வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாய்க்கு அதனால் துன்பமில்லை, பார்ப்பவருக்குத்தான் வருத்தம். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் தைராய்டு குறைவும், கார்டிசால் ஹார்மோன் அதிகமாகும் குஷிங் நோயும் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தண்ணீர்க் கிண்ணத்தை அளந்து நிரப்புங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது ஆறு கிலோ நாய் 600 மில்லிக்கு மேல் குடித்தால், அது முடிப் பிரச்சினை மட்டுமில்லை.

மொட்டையடித்த எல்லா நாய்க்கும் இப்படி ஆகிவிடுவதில்லை. மூன்று கோடையில் மூன்று முறை வழித்தும் பழையபடி பொசுபொசுவென்று வளர்ந்த நாய்கள் உண்டு. அவற்றைக் காட்டித்தான் அடுத்த வீட்டு நாயையும் வழிக்கிறார்கள். எது வளரும், எது வளராது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. கலப்பு நாயில் அது இன்னும் கடினம். ஆகவே மெஷினைப் போடும் முன் முடியைப் பாருங்கள். பத்து மாதம் ஆன நாயின் தோள்மேல் முடியை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தால், தோலை ஒட்டி மெத்தென்ற அடிமுடியும் அதைத் தாண்டி முரட்டு மேல்முடியும் தெரிந்தால் இரட்டை முடி. அதில் மெஷின் வேண்டாம். வேரிலிருந்து நுனி வரை ஒரே மாதிரி முடி, கண்ணை மறைத்து வளர்ந்துகொண்டே போகிறது என்றால் ஷிட்சு வகை. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தாராளமாக வெட்டலாம். இரண்டும் கலந்து, அடிமுடியும் அடர்ந்து மேல்முடியும் நிற்காமல் வளர்கிற ஸ்பிட்ஸ்-ஷிட்சு கலவைதான் இருப்பதிலேயே கஷ்டமான முடி. அதற்குக் கத்தரிக்கோலால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில் குட்டி முடி உதிர்ந்து ஸ்பிட்ஸ் குட்டி எலி மாதிரி ஆகும். அதைப் பார்த்துப் பயந்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

சீப்பு பிடிப்பது

மொட்டைக்கு மாற்று, வாரம் மூன்று முறை பத்து நிமிடம் சீவுவது. மேலாகத் தடவிச் சீவினால் மேல்முடி பளபளக்கும், அடியில் கம்பளி மாதிரி இறுகிக்கொண்டே போகும். தொடையின் கீழ் விளிம்பில் ஆரம்பியுங்கள். இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக இருக்கும் ஸ்லிக்கர் பிரஷ்ஷால் சீவி, ஒரு விரல் அகலம் மேலே நகர வேண்டும். கடைசியில் எஃகுச் சீப்பு வேரிலிருந்து நுனி வரை தடையில்லாமல் போனால்தான் சீவியதாகக் கணக்கு. சிக்கு பிடிப்பது எப்போதும் நாலு இடத்தில்: காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில், பின்தொடைச் சடையில். ஹார்னஸ் என்ற மார்புப் பட்டை போடும் நாய்க்குப் பட்டை உரசும் இடத்திலும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனால் தோலும் சேர்ந்து வரும். கொஞ்சம் சோள மாவு தூவி, விரலால் பிய்த்துப் பிரித்து, நுனியிலிருந்து சீப்பால் எடுக்க வேண்டும்.

சிக்கோடு குளிப்பாட்டுவது அடுத்த தவறு. தண்ணீர் பட்டதும் சிக்கு இறுகும், உள்ளே போன ஷாம்பு அலசி வராது. சீவி முடித்த பிறகே குளியல், அதுவும் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் அடிமுடி மணிக்கணக்கில் காயாது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து புளித்த வாடை வரும், காதடியிலும் இடுப்பிலும் ஒரே இரவில் சீழ்ப்புண் வரும். துண்டால் ஒற்றி எடுத்து, டிரையரைச் சூடு குறைத்து வைத்து, முடியைப் பிளந்து தோல் வரை காயவையுங்கள். டைல்ஸ் தரையிலேயே வாழும் நாய்க்கு நகம் தேயாது; முன்னங்காலில் சற்று மேலே தொங்கும் கட்டைவிரல் நகம் தரையையே தொடாததால் வளைந்து சதைக்குள் இறங்கும். சடைக்குள் அது தெரியாது, கையால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வெயில் பாதுகாப்புக்கு மொட்டையைவிட நேரம் பார்த்து நடைக்குக் கூட்டிப்போவது உதவும். காலை ஏழுக்கு முன், மாலை இருட்டிய பின். புறங்கையைத் தார்ச்சாலையில் சில விநாடி வைத்துப் பொறுக்க முடியாவிட்டால் நாயை இறக்கக்கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நாக்கு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் முதலில் தண்ணீரால் தோல் வரை நனைத்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள், பிறகு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். மத்தியான நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். குழாயைத் திறந்து அப்படியே ஊற்றாமல் குடத்துத் தண்ணீரை எடுங்கள்.

முழங்கால், மூச்சுக்குழாய், பல்

நடக்கும்போது நாலு அடிக்கு ஒருமுறை பின்னங்காலை ஒரு துள்ளல் துள்ளித் தூக்கி, மறு அடியில் ஒன்றும் நடக்காதது போல் ஓடினால் அது குறும்பில்லை. முழங்கால் சில்லு அதன் பள்ளத்திலிருந்து உட்பக்கமாக நழுவித் திரும்ப உட்காருகிறது. நாலு நிலைகள் சொல்வார்கள். கையால் தள்ளினால் மட்டும் நழுவித் தானே திரும்புவது ஒன்று. எப்போதும் வெளியே நின்று, தள்ளினாலும் திரும்பாதது நாலு. முதல் நிலையில் எடையைக் குறைவாக வைத்து, வழுக்கும் தரையில் கால்மிதி விரித்து, பாதத்தின் அடி முடியை வெட்டிவிட்டால் பல வருடம் ஓட்டலாம். மூன்றும் நாலும் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. குட்டி வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017 முதல் சட்ட விதியே இருக்கிறது. ஐந்து வாரக் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுப்பவரிடம் நடையைப் பார்க்க முடியாது.

உற்சாகத்தில் வாத்து கத்துவது போல் வறட்டு இருமல் வந்தால் மூச்சுக்குழாய் தட்டையாகும் கோளாறாக இருக்கலாம். அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் சின்ன நாய்களில் சீக்கிரம் தளர்கின்றன. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுப்பது அதே இடத்தில் அழுத்தும். உரிமத் தகட்டுக்குக் கழுத்துப்பட்டை இருக்கட்டும். கயிறு மார்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டப்பட வேண்டும். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி இரண்டும் இந்த இருமலைக் கூட்டும்.

பால்பல் 28, நிலைப்பல் 42. ஆறு, ஏழு மாதத்துக்குள் பால்பல் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். சின்ன வாயில் கோரைப்பல் மட்டும் விழாமல், புதிய பல்லோடு ஒட்டி இரட்டையாக நிற்கும். நடுவில் உணவு சிக்கி இரண்டும் கெடும். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் பிடுங்கச் சொன்னால் இரண்டாவது மயக்கம் மிச்சம். மனிதப் பற்பசை கூடாது. அதில் இருக்கும் ஃபுளோரைடும் சிலவற்றில் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு விஷம்.

தயிர்சாதக் கணக்கு

ஆறு கிலோ நாய்க்கு ஓய்வு நிலையில் தேவை ஏறத்தாழ 270 கலோரி. கருத்தடை செய்து, வீட்டோடு இருக்கும் நாய்க்கு 375 போதும். மேரி பிஸ்கட் ஒன்று 25 கலோரி. காபி நேரத்தில் தாத்தா இரண்டு, பாட்டி இரண்டு போட்டால் நூறு. நாள் கணக்கில் கால்பங்குக்கும் மேல் சோறு போடும் முன்பே போய்விட்டது. ‘இது ஒண்ணுமே சாப்பிடறதில்ல, ஆனா குண்டாகுது’ என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். சடை எடையை மறைக்கும். விலாவை விரலால் தடவினால், அழுத்தாமலே எலும்பு எண்ண வர வேண்டும். குளியலறை எடைமெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி உங்கள் எடையைக் கழியுங்கள். இந்த அளவு நாய்க்கு அரை கிலோ என்பது அற்பமில்லை.

தயிர்சாதமும் பால்சோறும் மட்டும் போட்டு வளர்த்த நாயில் புரதம் குறைந்து தசை மெலியும். வெறும் கோழி போட்டால் பாஸ்பரஸ் ஏறிச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) குறையும். வீட்டுச் சமையல்தான் என்று முடிவு செய்தால் ஒரு நாளைக்கு இப்படி வைக்கலாம்: வெந்த சோறு 80 கிராம், தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், ஒரு முட்டை, பூசணி அல்லது கேரட் 50 கிராம், அரை டீஸ்பூன் எண்ணெய். உப்பு, தாளிப்பு வேண்டாம். சுண்ணாம்புச்சத்துக்கு, கொதிக்கவைத்து உலர்த்திப் பொடித்த முட்டை ஓடு கால் டீஸ்பூன், சுமார் 1.3 கிராம், அதில் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, வளர்ந்த ஆறு கிலோ நாய்க்கு அது சரியான அளவு. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் இதில் போதாது. டாக்டர் தரும் சத்துக்கலவை தேவை, அல்லது பாதி வீட்டு உணவு, பாதி கடை உணவு. வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். குட்டிக்கான கடை உணவே பாதுகாப்பு. இரண்டு கிலோவுக்குக் குறைந்த குட்டி நாலைந்து மணி நேரம் பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கித் துவளும்; ஈறில் சர்க்கரைப் பாகு தடவி உடனே கொண்டுபோக வேண்டும்.

சாம்பாரும் பிரியாணி மிச்சமும் ஏன் கூடாது என்பதற்கு ஒரே கணக்கு: வெங்காயம் உடல் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஆறு கிலோவுக்கு அது 30 கிராம், நாலைந்து சின்ன வெங்காயம். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை.

உண்ணி

நாட்டு ரத்தம் இருப்பதால் உண்ணிக்காய்ச்சல் வராது என்பது ‘கிராஸ்தானே’ பேச்சின் மிக ஆபத்தான பகுதி. தெருநாய் ரத்தம் கலந்திருக்கலாம், உண்ணிக்கு அது தெரியாது. பழுப்பு உண்ணியின் வாழ்நாளில் பெரும்பகுதி நாய்மேல் இல்லை. சுவர் வெடிப்பிலும் நிலைக்கதவு இடுக்கிலும் இருக்கிறது. ரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயை மட்டும் குளிப்பாட்டி உண்ணியை ஒழிக்க முடியாது. வெடிப்புகளைப் பூசி, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, இரண்டு மூன்று மாதம் விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். மாத்திரைகள் எடைவாரியாக வருகின்றன. போன வருட எடைக்கு வாங்காதீர்கள். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், சில உண்ணி மாத்திரைகள் அதைத் தூண்டும். உண்ணிக்கு மேலே பூசும் அமிட்ராஸ் மருந்துக் கரைசலைக் கண்ணளவில் கலப்பது சின்ன நாய்க்கு விபரீதம். அடர்ந்த அடிமுடி கரைசலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நாய் துவண்டு இதயத்துடிப்பு மந்தமாகும்.

சடையில் உண்ணி கண்ணில் படாது. காது மடலுக்குள், விரல் இடுக்கில், பட்டைக்கு அடியில், வால் அடியில் விரலால் தேடி, கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம், ஈறில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் என்றால் ரத்தத் தட்டணுக்களை அன்றைக்கே பார்க்க வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். ஐந்தாம் நாளே வாலாட்டுகிறது என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெறும் தொண்டையில் மாத்திரை ஒட்டினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், கொஞ்சம் சோற்றோடு கொடுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசிக்கு ‘இது வீட்டை விட்டே வெளியே போறதில்லையே’ என்ற சமாதானம் செல்லாது. மூன்று மாதத்தில் ஒன்று, அதிலிருந்து ஒரு வருடத்தில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யாவிட்டால் நடுவயதில் கருப்பையில் சீழ் கட்டும் வாய்ப்பு கணிசம். தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை மறுத்து, பின்புறம் நக்கிக்கொண்டே இருந்தால் அதுதான். தீட்டைத் தள்ளிப்போட ஊசி போடுவது அந்த அபாயத்தைக் கூட்டும். பெரிய ஆண் நாயோடு சேர்ந்த சின்னப் பெண்ணுக்குக் குட்டி வெளியே வராமல் சிக்கும். ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும்’ என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

குணத்தைப் பற்றிக் கொஞ்சம். 2022-ல் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஒன்பது சதவீதம் அளவுதான் என்று வந்தது. ஆகவே ‘பாம்னா கடிக்கும்’ என்பதைவிட, மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரத்துக்குள் அந்தக் குட்டி எத்தனை மனிதர்களை, எத்தனை சத்தங்களைப் பார்த்தது என்பது அதிகம் பேசும். தடுப்பூசி முடியவில்லையென்றால் இடுப்பில் தூக்கிக்கொண்டாவது கடைத்தெருவைக் காட்டுங்கள். ஆனால் வளர்ந்த பிறகு, அந்நியரைக் கண்டு குரைக்கும் ஒவ்வொரு முறையும் தூக்கிக் கொஞ்சினால், குரைத்தால் மடி கிடைக்கும் என்றுதான் அது படிக்கும்.

பன்னிரண்டு, பதினைந்து வயது வரை இருக்கும் நாய்கள் இவை. எட்டு வயதுக்கு மேல் இருமல் வந்தால் மூச்சுக்குழாயா, இதய வால்வா என்ற கேள்வி எழும். சின்ன நாய்களுக்கு வயதில் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துக் கசியும். வீட்டில் செய்ய முடிந்த அளவை இது: நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை காலண்டரில் குறித்து வைத்தால், எண் ஏறத் தொடங்கியது எப்போது என்று தெரியும்; முப்பதைத் தாண்டி நிலைத்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருமலை போனில் பிடித்துக்கொண்டு போங்கள். டாக்டரின் மேசைமேல் ஏற்றியதும் எந்த நாயும் இருமாது.